மீன் எப்ப வரும்?

மயிலாப்பூர் வீட்டில் ஆறடித் தொட்டியை நிறுத்தி, உப்புத் தண்ணீர் நிரப்பி, மோட்டாரை ஓடவிட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. உள்ளே கல்லும் மணலும்தான். விளக்குகூடப் போடவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். சோதனைக் குப்பிகளைப் பரப்பிக்கொண்டு நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டுப் பாட்டி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏண்டாப்பா, மூணு வாரமா வெறும் ஜலத்துக்கா கரண்ட் பில் கட்டிண்டிருக்கோம்? மீன் எப்ப வரும்?"

இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். காசு கொடுக்கிறவர் கேட்பார், அவர் பிள்ளை கேட்பான், கீழே வாட்ச்மேனும் கேட்பார். பதில் சொல்லத் தெரியாமல் முதல் சில வருடங்களில் மறுநாளே மீனைக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். அந்தப் பாவம் இன்னும் என் கணக்கில் இருக்கிறது.

நான் தொழில் படித்தது கொளத்தூரில். வண்ணமீனுக்குப் பேர் போன இடம். பள்ளிக்கூடம் முடித்த கையோடு கண்ணாடித் தொட்டி ஒட்டும் ஒரு அண்ணனிடம் சேர்ந்தேன். அங்கே எல்லாம் நல்ல தண்ணீர் மீன்: கப்பி, மாலி, ஃபைட்டர், கோல்டு ஃபிஷ். இன்றைக்குத் தொட்டி வைத்து நாளைக்கு மீன் விட்டாலும் பாதிக்குப் பாதி பிழைத்துவிடும். 2008இல் அண்ணாநகரிலிருந்து ஒருவர் கடல் மீன் தொட்டி கேட்டு வந்தார். "தண்ணியில உப்பைப் போட்டா கடல் தண்ணி. இதுல என்னடா வித்தை?" என்றார் அண்ணன். நானும் நம்பினேன். ஒரு ஜோடி கோமாளி மீனும், விரல் நீளத்தில் நாலு நீல மீனும் விட்டோம். பத்தாம் நாள் தொட்டியில் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

வித்தை என்ன என்பது அப்புறம்தான் மெல்ல மெல்லப் புரிந்தது. ஏரி கோடையில் சுண்டும், மழையில் கலங்கும், ஒரே நாளில் நிறம் மாறும். அதில் பிறந்த மீன் எல்லாவற்றையும் பார்த்துப் பழகியது. பவளப்பாறை ஓரத்து மீன் அப்படி இல்லை. அதைச் சுற்றியுள்ள தண்ணீரில் உப்பு லிட்டருக்கு 35 கிராம் என்றால் வருடம் முழுக்க அதை ஒட்டியேதான் இருக்கும். சூடும் காரத்தன்மையும் அப்படித்தான். கழிவு தேங்கி நிற்பது என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. அது வாழ்ந்த கடலுக்கும் நாம் வைக்கிற அறுநூறு எழுநூறு லிட்டருக்கும் உள்ள தூரத்தைக் குறைக்கத்தான் இத்தனை மோட்டாரும் குழாயும்.

கடல் மீனைக் கண்ணாடிக்குள் பார்ப்பது மெட்ராசுக்குப் புதிதில்லை. அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியில் 1909இல் மெரினாவில் திறந்த மீன் காட்சிச்சாலைதான் இந்தியாவிலேயே முதலாவது. ஆனால் அவர்களுக்குக் கடல் வாசலில் இருந்தது. எனக்கு லிஃப்டில் ஏற்ற வேண்டியிருக்கிறது.

மயிலாப்பூர் சார் ஒரு ஆடிட்டர். லட்சத்தீவுக்குப் போய், கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் தண்ணீரில் குப்புறக் கிடந்துவிட்டு வந்தவர். அதிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. 2016 ஜூனில் என்னைக் கூப்பிட்டார். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். வீடு இரண்டாவது மாடி. ஹாலுக்கு நட்டநடுவே, சாப்பாட்டு மேசைக்கும் சோபாவுக்கும் இடையில் தடுப்புபோல நிறுத்த வேண்டும் என்று அவர் மனைவிக்கு ஆசை.

கணக்கைப் போட்டுக் காட்டினேன். தொட்டி 680 லிட்டர் கொள்ளும். கடல் தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல். 12 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டும் 120 கிலோ. கல், மணல், ஸ்டாண்டு, அடியில் இருக்கும் இரண்டாவது தொட்டி, அதிலுள்ள தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னைத் தாண்டும். அது நிற்பது பன்னிரண்டு சதுர அடியில், அதாவது ஒரு சதுர மீட்டரும் கொஞ்சமும். வீட்டுத் தளத்தில் ஆள், சாமான் பாரத்துக்குப் பொறியாளர்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு சதுர மீட்டருக்கு 200 கிலோ. அது தளம் முழுவதற்கும் பரவலாகப் போடும் கணக்கு என்பதால், ஒரு மூலையில் கூடுதல் பாரம் நின்ற உடனே இடிந்து விழாது. ஆனால் எந்த மூலை என்பதுதான் கேள்வி. தளத்தின் நடு வயிறு கூடவே கூடாது. தூணை ஒட்டி, வெளிச்சுவர் ஓரமாக, கீழே உத்தரம் ஓடும் இடமாகப் பார்க்க வேண்டும். கட்டடத்தின் வரைபடத்தைத் தேடி எடுத்து, ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வரவழைத்துக் காட்டிய பிறகுதான் வேலையைத் தொட்டேன். மேடத்துக்கு ஒரு வாரம் என்மேல் கோபம்.

தொட்டி ஒட்டுவது நான் ரசித்துச் செய்யும் வேலை. தண்ணீரின் அழுத்தம் உயரத்தைப் பொறுத்தது, நீளத்தைப் பொறுத்தது இல்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஆனால் நீளம் கூடக் கூடக் கண்ணாடி நடுவில் வயிறு தள்ளும். இந்த அளவுத் தொட்டியில் முன்கண்ணாடி ஒன்றின்மேல் மட்டும் கிட்டத்தட்ட 350 கிலோ தள்ளுகிறது. அதைத் தாங்குவது கண்ணாடிக்கு நடுவே ஓடும் ஒரு கோடு சிலிக்கான். ஒட்டும் முகத்தை ஸ்பிரிட்டால் துடைத்த பிறகு விரல் ரேகை படக்கூடாது. பிசின் ஒரே மூச்சில் இழுத்தாக வேண்டும், நடுவில் நிறுத்தினால் அங்கே காற்றுக் குமிழி உட்கார்ந்துவிடும். புளித்த காடி வாசனை வீசும். அந்த வாசனை முழுக்கப் போகும்வரை, குறைந்தது பத்து நாள், தண்ணீர் பக்கம் போகமாட்டேன். ஸ்டாண்டை ரசமட்டம் வைத்து நாலு பக்கமும் பார்த்து, மேலே தெர்மாகோல் விரித்துத் தொட்டியை உட்காரவைப்போம். தெர்மாகோல் மணல் துகளையும் சின்ன மேடு பள்ளத்தையும் வாங்கிக்கொள்ளும். கோணலான ஸ்டாண்டை நிமிர்த்தாது.

அடியில் இருக்கும் இரண்டாவது தொட்டியைச் சம்ப் என்போம். மேல் தொட்டியில் வழியும் தண்ணீர் குழாய் வழியாகக் கீழே சம்புக்கு வரும், அங்கே சுத்தமாகும், மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றும். படம் வரைந்தால் இவ்வளவுதான். என்னை அழவைத்ததும் இதுதான்.

தொழிலுக்கு வந்த புதிதில் கீழ்ப்பாக்கத்தில் ஒரு வீடு. எல்லாம் ஓட விட்டு, காபி குடித்து, காசும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். இரவு பத்தரைக்கு அந்தப் பகுதியில் கரண்ட் போனது. மோட்டார் நின்றது. தண்ணீரை மேலே ஏற்றிக்கொண்டிருந்த குழாயின் வாய், தொட்டிக்குள் மூன்று அங்குலம் முங்கி இருந்தது. ஏறிய குழாய் வழியாகவே தண்ணீர் தலைகீழாக இறங்க ஆரம்பித்துவிட்டது, டேங்கரில் டியூப் வைத்து டீசல் உறிஞ்சுவதுபோல. ஆறடிக்கு இரண்டடித் தொட்டியில் ஒரு அங்குலத் தண்ணீர் என்பது 28 லிட்டர். மூன்று அங்குலம் என்றால் எண்பது லிட்டருக்கு மேல். சம்பில் அவ்வளவுக்கு இடம் விடவில்லை. இருட்டில் உப்புத் தண்ணீர் ஹால் முழுக்க ஓடி, தேக்குப் பலகைத் தரையில் ஊறி, கீழ்வீட்டுக் கூரையில் சொட்டியது. வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்ததோடு, கைக்காசும் போட்டுப் பலகையை மாற்றித் தந்தேன்.

குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு துளை போட்டால், மட்டம் இறங்கியதும் காற்று புகுந்து உறிஞ்சுவது நின்றுவிடும். எல்லோரும் சொல்வார்கள், நானும் போடுகிறேன். ஆனால் அந்தத் துளையைப் பாசி அடைக்கும், ஒரு நத்தை வந்து உட்காரும். அதனால் துளையை நம்பாமல் சம்பில் இடத்தை விடுகிறேன். வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் முன்னால் மெயினை அணைத்து, கால்மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். அது முடியாமல் காபி குடிப்பதில்லை.

இனித் தண்ணீர். மயிலாப்பூர் வீட்டு போர் தண்ணீரில் மீட்டரை வைத்தேன், டி.டி.எஸ். ஆயிரத்தைத் தொட்டது. "கடல் தண்ணியே உப்புதானே, இதுல உப்பு இருந்தா என்ன?" என்று சார் கேட்டார். எந்த உப்பு என்று தெரியாதே! சாக்கடை ஊறிய நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பாசிக்கு விருந்து. குழாயில் கரைந்து வரும் செம்பு ஒரு துளி போதும், இறாலும் நத்தையும் செத்துப்போகும். அதனால் ஆர்.ஓ. போட்டு, அதற்கு மேல் அயனி நீக்கும் பிசின் வழியாகவும் விட்டு, மீட்டர் பூஜ்யம் காட்டும் தண்ணீரைப் பிடித்து, அதில் உப்பைக் கலக்கிறோம். ஒரு லிட்டர் பிடிக்க மூன்று லிட்டராவது வெளியே போனது. அதை வீணாக்காமல் மாடியில் சின்டெக்ஸில் பிடித்துத் துணி துவைக்க விட்டோம்.

நீலாங்கரையில் படகுக்காரரிடம் சொல்லி கேனில் கடல் தண்ணீரே பிடித்து வந்த காலமும் உண்டு. மலிவு. ஆனால் ஐப்பசி கார்த்திகை மழையில் அடையாறும் கூவமும் கடலில் கலக்கும்போது கரையோரத் தண்ணீரை முகர்ந்து பார்த்தாலே போதும். இப்போது செயற்கைக் கடல் உப்புதான். சமையல் உப்பு உதவாது. அதில் இருப்பது சோடியம் குளோரைடு. கடலில் அதோடு மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், பைகார்பனேட் எல்லாம் ஒரு விகிதத்தில் கலந்திருக்கிறது. தொட்டியும் சம்பும் சேர்த்து எழுநூறு லிட்டருக்கு 26 கிலோ உப்பு கரைத்தோம். ஒரு ராத்திரி முழுக்கக் கலக்கவிட்டு, காலையில் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கோடு 35இல் நிற்க வேண்டும்.

ஒரு விஷயத்தை ஒவ்வொரு வீட்டிலும் சுவரில் எழுதி ஒட்டிவிட்டு வருகிறேன்: ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயேதான் இருக்கும். மட்டம் குறைந்தால் ஊற்ற வேண்டியது உப்பில்லாத சுத்தத் தண்ணீர். ஏ.சி. ஓடும் ஹாலில் இந்தத் தொட்டி நாளுக்கு ஆறேழு லிட்டர் குடித்துவிடும். ஒரு வீட்டில் வேலைக்காரப் பையன், பாவம், அக்கறையாக இரண்டு மாதம் உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டு வந்தான்.

கல்லுக்கு வருவோம். கடல் தொட்டிக்குச் சுத்திகரிப்பு ஆலையே கல்தான். பஞ்சுபோல ஓட்டை உள்ள கல்லில்தான் கழிவைத் தின்னும் பாக்டீரியா குடியிருக்கும். 1961இல் ஜகார்த்தாவிலிருந்து லீ சின் எங் என்பவர், கடலில் எடுத்த உயிருள்ள கல்லையும் காற்றுக் குமிழியையும் மட்டும் வைத்துப் பவளத்தோடு தொட்டி நடத்துவதை எழுதிக் காட்டினார். அதிலிருந்து உலகம் முழுக்க உயிர்க்கல் மோகம் பிடித்தது. நம்மூரில் அது முடியாது, முடியவும் கூடாது. பவளம் 2001இலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு சேர்ந்து இருக்கிறது. கடல் குதிரையும் கடல் அட்டையும் அப்படியே. மன்னார் வளைகுடாவை 1986இலேயே கடல்வாழ் தேசியப் பூங்கா ஆக்கிவிட்டார்கள். அதற்குள் பல காலமாகப் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் ஏற்றியிருந்தோம். அங்கே இருந்த 21 தீவுகளில் இரண்டு இன்று தண்ணீருக்கு மேல் இல்லை.

"ராத்திரி கொண்டுவந்து இறக்கிடறேன், யாருக்கும் தெரியாது" என்று சொல்லும் ஆட்கள் எனக்கும் போன் செய்வதுண்டு. சாரிடமும் ஒருவன் பேசியிருந்தான். அது உள்ளே வந்தால் நான் வெளியே என்றேன். சிமென்ட்டில் வார்த்த செயற்கைக் கல்லை ஒரு மாதம் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் காரம் போக்கி அடுக்கினோம். பார்க்க முதலில் மேஸ்திரி வேலைபோலத்தான் இருக்கும். ஆறு மாதத்தில் கருஞ்சிவப்பும் ஊதாவும் ஏறிவிடும்.

இப்போது பாட்டி கேட்ட கேள்விக்கு வரலாம்.

மீன் மூச்சு விடுவதிலும் கழிவதிலும் வருவது அம்மோனியா, அது அதற்கே விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். அது கொஞ்சம் இருந்தால் தாங்கும், தண்ணீர் மாற்றிக் குறைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டு கூட்டமும் கல்லில் பெருக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை அவற்றுக்குச் சாப்பாடு போட வேண்டும். வழக்கமாக ஒரு பச்சை இறாலை உள்ளே போட்டு அழுகவிடுவோம். மயிலாப்பூர் மாடவீதிக்கு நாலு வீடு தள்ளி, பூஜையறைக்கு எதிரே, அதை நான் வாய்விட்டுச் சொல்லவே இல்லை. அம்மோனியம் குளோரைடு வாங்கிப் போனேன். மொத்தத் தொட்டிக்கும் நாலரை கிராம் போதும். சின்னத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தபோது பாட்டி எட்டிப் பார்த்தார்.

"என்னது அது, கல்கண்டுப் பொடியாட்டம்?"

"அம்மோனியம் குளோரைடு பாட்டி. மருந்து மாதிரி."

ஒரு சிட்டிகையை எடுத்து விரலில் தேய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். "இது நவச்சாரம்னா! வாசல்ல ஈயம் பூசறவன் வருவானே, பாத்திரத்தைக் காய்ச்சி இதைத்தான் தூவுவான். குபுகுபுன்னு வெள்ளையா புகை வரும். இதைப் போட்டா மீன் வளருமா?"

அந்தப் பொருளைக் கையில் வைத்திருந்தும், அது நவச்சாரம் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் தெரிந்தது. அதன்பிறகு வாரம் இரண்டு முறை நான் சோதிக்கப் போகும்போதெல்லாம் பாட்டி கூடவே உட்காருவார். அம்மோனியாக் குப்பி மஞ்சளாக நின்றால் சுத்தம், பச்சை ஏறினால் இருக்கிறது. நைட்ரைட் குப்பி வெளிர்நீலமாக நிற்க வேண்டும், நாவற்பழ நிறம் வந்தால் ஆகாது. மூன்றாம் வாரம் முழுக்க நாவற்பழம்தான். நாற்பத்தோராம் நாள் மஞ்சளும் நீலமும் சேர்ந்து வந்தன. மறுபடி நவச்சாரம் போட்டேன். மறுநாளும் மஞ்சள், நீலம். ஒரே நாளில் தின்று தீர்த்துவிட்டது. "பசி வந்துடுத்து அதுக்கு" என்றார் பாட்டி. இதைவிடச் சரியாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

அதன்பிறகும் உடனே மீன் வரவில்லை. மணல்மேல் பழுப்பாக ஒரு படலம் படிந்தது. எல்லாப் புதுத் தொட்டியிலும் வருவது, சிலிக்கா தீர்ந்ததும் போய்விடும். நத்தைகளை விட்டோம். ஸ்கிம்மர் வேலை செய்ய ஆரம்பித்தது. சன்னமான குமிழிகளைத் தண்ணீருக்குள் பாய்ச்சினால் புரதக் கழிவு குமிழியின்மேல் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே ஏறி ஒரு கோப்பையில் வழியும். பருப்பு வேகும்போது மேலே திரளுமே, அதேதான். நிறம் மட்டும் ஆறிப்போன டிக்காஷன், நாற்றம் சொல்லத் தரமில்லை. அந்தக் கோப்பையை யார் கழுவுவது என்பதில் அந்த வீட்டில் இன்றுவரை தீர்ப்பு ஆகவில்லை.

முதல் மீனாக ஒரு ஜோடி கோமாளி மீன். 2003இல் வந்த படத்துக்குப் பிறகு குழந்தைகளுக்கு அது நீமோ. பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சுகளாகக் கேட்டு வாங்கினேன். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைப் பொரிக்கவைக்கும் முறையைச் செய்து காட்டி வெகுகாலம் ஆயிற்று. கடலில் பிடித்ததைவிடப் பொரிப்பக மீன் தொட்டிக்குப் பழகினது, உலர்ந்த தீனியும் தின்னும். சில நாடுகளில் சயனைடு கரைசலைப் பீய்ச்சி மயக்கிப் பிடிக்கிறார்கள். அந்த மீன் கடையில் அழகாக நீந்தும், மூன்றாம் வாரம் காரணமே தெரியாமல் போய்விடும்.

வந்த மீனை நேரே பெரிய தொட்டியில் விடமாட்டேன். தனியே ஒரு சின்னத் தொட்டியில் ஆறு வாரம். வெண்புள்ளி நோய்க்காகத்தான் இந்தக் காவல். மீன்மேல் ரவை தூவினமாதிரி புள்ளி வரும். நாலைந்து நாளில் தானாக மறையும். வீட்டுக்காரர் சரியாகிவிட்டது என்று எனக்குப் போன் செய்து சந்தோஷப்படுவார். புள்ளி கீழே மணலில் விழுந்து, ஒன்று நூறாகப் பெருகி, அடுத்த சுற்றுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும். செம்பு மருந்துக்குக் கட்டுப்படும், ஆனால் பெரிய தொட்டியில் செம்பு போட்டால் நத்தையும் இறாலும் காலி. உள்ளே நுழைந்துவிட்டால் மீன் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, இரண்டரை மாதம் தொட்டியைப் பட்டினி போடுவதுதான் வழி. ஆறு வாரம் முன்னாலேயே காத்திருப்பது லாபம்.

அக்டோபர் கடைசியில் கோமாளி ஜோடி பெரிய தொட்டிக்கு வந்தது. பாட்டி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "இதுல எது ஆண், எது பொண்?" என்றார். பெரியது பெண் என்றேன். பிறக்கும்போது எல்லாம் ஆணாகத்தான் வளரும், ஜோடியில் பெரியது பெண்ணாகும், அது செத்தால் மிச்சமுள்ள ஆண் பெண்ணாகிவிடும் என்றும் சொன்னேன். நம்பவில்லை. பேரனைக் கூப்பிட்டு, நான் சொல்வது நிஜமா என்று போனில் பார்க்கச் சொன்னார்.

செலவு மூன்று லட்சத்தைத் தாண்டியது. அதை எல்லோரும் முன்கூட்டியே கேட்கிறார்கள். கரண்ட் செலவை யாரும் கேட்பதில்லை. தொட்டி 26 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். சென்னைக் கோடையில் ஹாலே 34 இருக்கும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் நடக்காது. மோட்டார், விளக்கு எல்லாம் சேர்த்தால் இரண்டு மாத பில்லில் ஐந்நூறு யூனிட்டுக்கு மேல் இதற்கே போகும். ஏற்கனவே ஏ.சி. ஓடும் வீட்டில் அது எந்த அடுக்கில் கொண்டுபோய் நிறுத்தும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். சில்லரை அழகுக்காக மரப்பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தச் சொன்ன வீடுகள் உண்டு. தான் கக்கிய சூட்டையே தான் குடித்துக்கொண்டு ஓயாமல் ஓடும். பால்கனியில் வைத்துவிட வேண்டும்.

டிசம்பர் 12, திங்கட்கிழமை, வர்தா புயல் வந்தது. மத்தியானம் போன கரண்ட் அந்தத் தெருவுக்கு வெள்ளிக்கிழமைதான் திரும்பியது. கடல் தண்ணீர் நல்ல தண்ணீரைவிடக் குறைவாகத்தான் பிராணவாயுவைப் பிடித்துவைக்கும். அசைவு நின்றால் சில மணி நேரத்தில் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். போன் வேலை செய்யவில்லை. விழுந்த மரங்களைத் தாண்டி, வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். சில்லர், விளக்கு, பெரிய மோட்டார், ஸ்கிம்மர் எல்லாவற்றையும் பிடுங்கினேன். மழையில் தொட்டி தானே 25இல் இருந்தது, அது ஒரு புண்ணியம். வீட்டு இன்வெர்ட்டரில் 150 ஆம்பியர் பேட்டரி ஒன்று. அதில் பதினைந்து வாட் அலை மோட்டார் ஒன்றையும் ஏர் பம்பையும் மட்டும் மாட்டினேன். ஃபேன், டிவி, போன் சார்ஜர் எதுவும் கூடாது, ஒரு டியூப்லைட்கூட வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பாட்டிதான் சொன்னார்: "அகல் இருக்கு, கைவிசிறி இருக்கு. அதுக்கு மூச்சு முட்டப்படாது."

புதன்கிழமை பேட்டரி தொய்ந்தது. ஜெனரேட்டர் வாடகைக்குக் கிடைத்தது, டீசலுக்குத்தான் வழியில்லை. பழைய ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் ஒரே ஒரு புது இரண்டாயிரம் ரூபாய் நோட்டு. அந்தப் பங்க்கில் சில்லறை இல்லை, கார்டு மிஷினும் ஓடவில்லை. கடைசியில் பாட்டி பூஜையறை உண்டியலைத் தட்டினார். பத்தும் ஐந்துமாக எண்ணி எடுத்துக்கொண்டு போய் எட்டு லிட்டர் வாங்கி வந்தேன். தினம் இரண்டு தடவை, ஒரு மணி நேரம் ஓட்டி பேட்டரியைத் தேற்றினோம். நாலு நாளும் மீனுக்குத் தீனி கிடையாது. தின்றால் கழியும், கழிந்தால் அம்மோனியா. கரண்ட் வந்ததும் சார் மோட்டாரைப் போடக் கையை நீட்டினார், பாய்ந்து பிடித்தேன். நாலு நாளாகச் சம்பில் அசையாமல் கிடந்த தண்ணீர் அழுகியிருக்கும், அதை மேலே ஏற்றினால் காப்பாற்றினதெல்லாம் வீண். அதைச் சாக்கடையில் கொட்டி, புதுத் தண்ணீர் விட்டபிறகுதான் ஓடவிட்டோம். மொத்தம் ஒன்பது உருப்படியில் ஒன்று போனது, ஒரு இறால்.

இரண்டு வருடம் கழித்துக் கோமாளி ஜோடி முட்டையிட்டது. கல்லில் போடவில்லை. மாடவீதியில் வாங்கிய சின்ன மண்சட்டி ஒன்றைப் பாட்டி "அதுகளுக்கு ஒதுங்க" என்று உள்ளே வைக்கச் சொல்லியிருந்தார், அதன் உட்புறத்தில். ஆண் மீன் வாலால் விசிறி விசிறி எட்டு நாள் காத்தது. எட்டாம் நாள் இரவு விளக்கணைத்தபின் பொரிந்தது. விடிந்தால் ஒன்றுமில்லை, மற்ற மீனும் ஸ்கிம்மரும் எடுத்துக்கொண்டன. இன்றும் பதினைந்து இருபது நாளுக்கு ஒருமுறை அந்தச் சட்டியில் முட்டை இருக்கிறது.

கடல் தொட்டி வைக்க நினைத்து என்னையோ என்னைப்போல ஒருவரையோ கூப்பிடப் போகிறீர்களா? வேண்டிய மீன்களின் படத்தைச் சேர்த்துவைத்துக் காட்டாதீர்கள், அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் போர் தண்ணீரின் டி.டி.எஸ். எவ்வளவு, ஹாலில் தூணும் உத்தரமும் எங்கே, போன கோடை பில்லில் எத்தனை யூனிட், இன்வெர்ட்டர் பேட்டரி எத்தனை ஆம்பியர், இந்த நாலையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். மீன் எப்ப வரும் என்று கேட்டால், மூன்று மாதம் என்பேன். அடுத்த வாரமே என்று சொல்கிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.